எண்பத்தேழு ரவிக்கைத் துணிகள்

என் ரவிக்கையை நானே மூன்று தடவை பிரித்தேன். அந்த முட்டாள்தனத்திலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

தையல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரவிக்கையின் பக்கவாட்டில் ஒரே ஒரு தையலைப் போட்டு விட்டுவிட மாட்டோம். நெருக்கி நெருக்கி மூன்று வரிசை ஓட்டுவோம். அதற்கு அப்பாலும் கொஞ்சம் துணி உள்ளே மடிந்து கிடக்கும். உடம்பு ஏறினால் முதல் வரிசையைப் பிரித்தால் போதும், ரவிக்கை தளர்ந்துவிடும். இன்னும் ஏறினால் அடுத்த வரிசை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. யார் வந்து "பிடிக்குது" என்றாலும் என் கை தானாகப் பிளேடைத் தேடும். "பிரியாணியக் கொற" என்று ஒரு திட்டும் திட்டிப் பிரித்துக் கொடுப்பேன்.

ஆகவே என் இடது அக்குள் பக்கம் பிடித்தபோது நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு வரிசையைப் பிரித்தேன். ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் பிடித்தது. துணி சுருங்கிவிட்டது என்று இரண்டாவது வரிசையைப் பிரித்தேன். மூன்றாவது தடவை, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கிக் கை பருத்துவிட்டது என்று நினைத்தேன். நான் இஸ்திரி போடுவது வலது கையால். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. தீபாவளி நேரம். தி.நகரில் தையல்காரிக்குத் தீபாவளி நேரத்தில் உடம்பு என்று ஒன்று கிடையாது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சைதாப்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன். ரவிக்கையைத் திருப்பிப் போட்டபோது உள்பக்கம் கண்ணில் பட்டது. இடது பக்கம் மூன்று வரிசையும் போய், விளிம்பில் புதிதாக ஒரு தையல். வலது பக்கம் மூன்று வரிசையும் தைத்த அன்று இருந்தபடியே.

உடம்பு ஏறினால் இரண்டு பக்கமும் ஏறும்.

கொடிக்குப் பக்கத்திலேயே நின்று கையை உள்ளே விட்டுத் தடவினேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று இருந்தது. வலிக்கவில்லை. வலித்துத் தொலைத்திருந்தால் முன்னாடியே போயிருப்பேன். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மார்பளவு எடுத்த எனக்கு, என் மார்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த அவமானம்தான் முதலில் வந்தது. பயம் அப்புறம்தான்.

தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். எனக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷன் பதினோரு வருடத்துக்கு முன்னால் பால் வாங்கப் போகிறவர் மாதிரி போனார், திரும்பவில்லை. தம்பியிடம் சொன்னேன். மறுநாளே தி.நகரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்ன டாக்டர் எழுந்து போனதும், கோட்டு போட்ட ஒரு பெண் ஃபைலோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துல இருந்து ஸ்டார்ட் ஆகும்மா."

"ஸ்டார்ட் ஆயி எங்க போய் நிக்கும்?"

"அது பேஷண்ட்டப் பொறுத்தும்மா."

"நான்தாம்மா பேஷண்ட்டு. உன் எதிர்லதான் குந்திக்கினு கீறேன். பாத்துச் சொல்லு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கடைச் சுவரில் அட்டை தொங்குகிறது. சாதா இவ்வளவு, லைனிங் இவ்வளவு, கழுத்து டிசைன் இவ்வளவு. "ஐந்நூறிலிருந்து ஆரம்பம், உங்கள் உடம்பைப் பொறுத்து" என்று நான் எழுதிவைத்தால் செருப்பைக் கழற்றுவார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவளிடம் மட்டும் அப்படிச் சொல்லலாமாம்.

வெளியே வந்தோம். பாண்டி பஜார் சிக்னலில் தம்பி ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அழுதான்.

"கண்ணத் தொடைடா. முன்னாடி பஸ்ஸு நிக்குது."

"நீ எப்டிக்கா இப்டி கீறே?"

"நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு. கேன்சர்ல சாவறதுக்கு முன்னாடி உன் ஆட்டோல சாவ மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அவன் அதைச் சொன்னான். எனக்குத் தெரியும், சொல்வான் என்று.

"கடைய வுட்டுட்டு அட்வான்ஸ வாங்கிக்கலாம்க்கா. மிஷினையும் குட்த்துடலாம். உசுரு இருந்தா கடை வரும்."

வராது. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. என் கடை தி.நகரில் ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. எட்டுக்கு ஆறு. நிமிர்ந்து நின்றால் படியில் தலை இடிக்கும். அதுவரை வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்த நான், புருஷன் போனபோது காதில் கிடந்ததைக் கழற்றி விற்று அட்வான்ஸ் கொடுத்த இடம். இன்று அதே இடத்துக்கு மூன்று மடங்கு கேட்பார்கள், அதையும் எனக்குத் தரமாட்டார்கள், மொபைல் கவர் விற்கிறவனுக்குத் தருவார்கள். கடையை விட்டால், பிழைத்து வந்து நான் என்ன செய்வது? தம்பி பெண்டாட்டி கையால் வாங்கித் தின்பதா? அவள் நல்லவள்தான். நான்தான் நல்லவள் இல்லை. மூன்றே நாளில் சண்டை வந்துவிடும்.

"ரெண்டும் வோணும்," என்றேன். "உசுரும் வோணும், கடையும் வோணும்."

"இன்னாக்கா, சந்தையில கத்திரிக்கா வாங்கற மாதிரி பேசறே?"

"ஆமாண்டா. பேரம் பேசாத நான் எத வாங்கிகீறேன்?"

தம்பியின் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், தன் மனைவிக்கு அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அரசுக் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடந்ததைச் சொன்னார். அட்டை எடுக்கப் போனோம். எடுக்க ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர், பால் வாங்கப் போன அந்த ஆள்.

"குடும்பத் தலைவர் வரணும்மா," என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா.

"பதினோரு வருசமா நானும் தேடிக்கினுதான் கீறேன். கெடைச்சா இங்கயே இஸ்துக்கினு வரேன். மொதல்ல நாலு அறை, அப்பால கையெழுத்து."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, என்னைத் தலைவியாக மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கத்தப் போன இடத்தில் கத்த முடியாமல் போனது. மூன்று வாரம் அலைந்தோம். ஒரு நாள் ஜெராக்ஸ் குறைந்தது, ஒரு நாள் நெட் இல்லை, ஒரு நாள் பொது விடுமுறை. கடைசியில் என் குடும்பத்துக்கு நானே தலைவி ஆனேன். குடும்பத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அடையாறில் டாக்டரம்மா என் காகிதங்களைப் பார்த்தார். இடது மார்பை எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கும் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், பிறகு எட்டுத் தடவை மருந்து, பிறகு கதிர்வீச்சு என்றார். "குணப்படுத்தக்கூடிய கட்டத்துலதான் வந்திருக்கீங்க. தள்ளிப் போட்டா நான் இப்படிச் சொல்ல முடியாது." ஒரே மூச்சில், எங்கே போய் நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்தது.

ஆபரேஷனையும் மருந்தையும் அட்டை பார்த்துக்கொள்ளும். வெளியே எடுக்கிற ஸ்கேன், வாந்திக்கு வாங்கும் மாத்திரை, சாப்பாடு எல்லாம் என் கையிலிருந்து. அதைவிடப் பெரிது கடை வாடகை. ஏறக்குறைய ஒரு வருடம் சரியாகத் தைக்க முடியாது. வாடகை மாதம் எட்டாயிரம். இரண்டு மாதம் தவறினால் கட்டடக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு ஷட்டரை இறக்கிவிடுவார். உயிருக்கு வழி கிடைத்துவிட்டது. கடைக்கு வழி இல்லை.

அந்த வாரத்தில்தான் மாமி வந்தார்.

மாமி மயிலாப்பூர், குளத்துக்குப் பக்கம். பதினெட்டு வருடமாக என்னிடம் தைக்கிறார். பதினெட்டு வருடமும் ஒவ்வொரு ரவிக்கைக்கும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். என் அளவு நோட்டில் அவர் பக்கத்தில் "மயிலாப்பூர் பத்து ரூபா" என்றுதான் எழுதியிருக்கும்.

"ஏண்டி மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்க? நேக்குத் தெரியும், நீ இன்னும் தைக்கலை."

"தெச்சுட்டேன் மாமி. எனக்குக் கேன்சர்."

"எங்கே?"

கையால் காட்டினேன். மாமி என் கையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சுவரில் தொங்கும் விலை அட்டையைப் பார்த்தார். பிறகு ரவிக்கையை எடுத்துப் பையில் போட்டார். பத்து ரூபாய் குறைத்துப் பணம் கொடுத்தார். போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டேன். எதிர்க்கடை மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவரும் ரவிக்கைத் தையல்காரர், சங்கரன்கோயில் பக்கம். ஒரு வாடிக்கைக்காரியிடம் என் கழுத்து வெட்டு சரியில்லை என்று சொன்னதற்காக ஏழு வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை. அவரையும் ஒரு முறை முறைத்தேன்.

மறுநாள் மாமி திரும்ப வந்தார். இரண்டு கையிலும் இரண்டு மஞ்சள் பைகள். என் மேசையில் கவிழ்த்தார். ரவிக்கைத் துணிகள் கொட்டின. கிளிப்பச்சை, மெஜந்தா, மாம்பழ மஞ்சள், பார்த்தாலே கண் கூசுகிற ஆரஞ்சு.

மயிலாப்பூர் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். நவராத்திரியில் கொலு பார்க்க வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைத் தைக்க மாட்டார். அலமாரியில் வைத்து, அடுத்த வருடம் வேறு ஒருத்திக்கு வைத்துக் கொடுப்பார். ஒரே துணி குளத்தைச் சுற்றி நாலு தெருவும் போய்விட்டு வரும். யாரும் தைக்காததற்குக் காரணமும் உண்டு. அளவு குறைவு, நிறம் கொடுமை.

"எல்லாத்தையும் தை," என்றார் மாமி. "எல்லாத்துக்கும் லைனிங் வெச்சு."

"இந்தத் துணிக்கு எதுக்கு மாமி லைனிங்கு? இது பருத்தி."

"லைனிங் வெச்சா எவ்வளவு?"

"ஐந்நூறு."

"அப்போ வெய்யி." பர்ஸைத் திறந்து நோட்டுகளை எண்ணி வைத்தார். பதினாலு துணிக்கு ஏழாயிரம். பத்து ரூபாய் குறைக்கவில்லை.

என் முகம் சுட்டது. "தானம்லாம் எனக்கு வோணாம் மாமி. எடுத்துக்கினு போங்க."

"யாருடி தானம் தரா? பத்து ரூபாய்க்கு உன்னோட மல்லுக்கு நிக்கறவ நான், நோக்குத் தானம் தருவேனா? துணி குடுத்திருக்கேன், கூலி குடுத்திருக்கேன். தைக்கலேன்னா வாசல்ல வந்து உக்காந்துண்டு மானத்த வாங்கிடுவேன்."

"எப்ப வோணும்?"

"எப்போ முடியறதோ அப்போ. ஆனா தைக்காம எங்கேயும் போயிடாதே."

எங்கே போவதைச் சொன்னார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த பத்து நாளில் என் படிக்கட்டுக்கு அடியில் உட்கார இடம் இல்லாமல் போனது. மாமி தன் தெருவையே கிளப்பிவிட்டார். அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் பையோடு வந்தார்கள், லைனிங் வைத்துத் தைக்கச் சொன்னார்கள், முழுக்கூலியை முன்னால் வைத்தார்கள். சிலர் போனிலேயே போட்டுவிட்டு மெசேஜ் அனுப்பினார்கள். ஒரு துணியின் மடிப்பில் காய்ந்த வெற்றிலையும் ஒற்றை ரூபாயும் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்துவிட்டுப் போன, வெள்ளிப் புள்ளி போட்ட ஒரு நீலத் துணியை மாமியே அடையாளம் கண்டுபிடித்தார். "இது நான் அவளுக்கு வெச்சுக் குடுத்ததுன்னா! நாலு வருஷம் ஆறது, ஸ்டிக்கரக்கூடப் பிரிக்கலை பாரேன், கடங்காரி!"

மொத்தம் எண்பத்தேழு துணிகள். அந்தக் கூலியில் ஸ்கேன்காரனுக்குக் கொடுத்தது போக, ஐந்து மாத வாடகையை ஒரேயடியாகக் கட்டடக்காரர் கையில் வைத்து ரசீது கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரிக்குப் போறதா சொன்னாங்க?"

"போறேன். வரவும் வருவேன். ஷட்டரத் தொட்டா கைய வெட்டுவேன்."

மீதி மாத வாடகைக்குத் தம்பியிடம் கடன் சொல்லிவைத்தேன். மார்கழியில் ஆபரேஷன். கண்விழித்தபோது மார்பைச் சுற்றிக் கட்டு. நாலாம் நாள் டாக்டரம்மா வந்து கட்டை மாற்றியபோது குனிந்து பார்த்தேன். அழுவேன் என்று நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தது தையலை. நேராக, ஒரே இடைவெளியில், எங்கேயும் சுருக்கம் இல்லாமல் ஓடியது.

"நல்லாத் தெச்சுகீறீங்க டாக்டரம்மா. என் கடையில சேத்துக்கலாம்."

"சம்பளம் என்ன தருவீங்க?" என்றார் அவர்.

அழுகை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்ற அன்று அழுதேன். அது என் விஷயம்.

இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பூச்சி மாதிரி மேலே ஏற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தையல்காரி, அளக்காமல் எதையும் செய்யத் தெரியாது. விரல் எட்டிய இடத்தில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து டேப் பிடிப்பேன். முதல் நாள் நாற்பத்தேழு அங்குலம். தை முடியும்போது அறுபது. தம்பி பெண்டாட்டி கோடுகளைப் பார்த்து, "இன்னாண்ணி, செவத்துக்கு ஜாக்கெட்டு தெக்கறியா?" என்று கேட்டாள். அறுபத்தெட்டைத் தொட்ட அன்று அவளே போய் பஜ்ஜி வாங்கி வந்தாள்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி போனது. மொட்டைத் தலையோடு பஸ்ஸில் போனால், "திருப்பதியா?" என்பார்கள். "ஆமா, லட்டு தீந்துபோச்சு," என்பேன். வாந்தி வந்தது, வாய் புண்ணானது. இரண்டு மருந்துகளுக்கு நடுவே ஒரு வாரம் உடம்பு நிமிரும். அந்த வாரத்தில் கடைக்குப் போய் உட்கார்ந்து ஐந்தாறு ரவிக்கை தைப்பேன். துணி அளவு குறைந்ததால் ரவிக்கையின் கைப்பகுதிக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் முடித்து நோட்டில் கோடு அடிப்பேன். முப்பத்தொன்று வரை வந்தேன்.

ஐந்தாவது தடவையிலிருந்து மருந்தை மாற்றினார்கள். அதில் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் குத்தியதே தெரிந்தது. இரண்டு துணி ஒன்றாக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று தொட்டுச் சொல்ல முடியவில்லை. தையல்காரிக்குக் கண் அப்புறம்தான், விரல்தான் முதல். மருந்து முடிந்து சில மாதத்தில் சரியாகலாம் என்றார் டாக்டரம்மா. முன்கூட்டி வாங்கிய கூலி செலவாகிவிட்டது. ஐம்பத்தாறு துணிகள் பாக்கி. நோய்கூட என்னை இப்படிக் கேவலப்படுத்தவில்லை. கூலி வாங்கிவிட்டுத் தைக்காதவள் என்று ஒருத்தியும் என்னைச் சொன்னதில்லை. இப்போது அந்தத் துணியை என்ன முகத்தோடு திருப்பித் தருவது?

ஒரு மத்தியானம் மூன்றாவது தடவையாக நூல் கோக்க முடியாமல், மெஷினை ஓங்கி அறைந்தேன். எதிர்க்கடை மாஸ்டர் எழுந்து வந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக என் படியைத் தாண்டினார்.

"என்னம்மா, முடி போயிட்டு, வாய் மட்டும் அங்ஙனயேதான் கெடக்கு. மிஷின எதுக்கு அடிக்கே?"

"உங்க வேலையப் பாருங்க."

"பாத்துட்டுதான் வாரேன். நீ அளவச் சொல்லு, நான் வெட்டித் தைக்கேன். சாயங்காலம் கடையடைச்ச பொறவு ஒரு மணி நேரம்."

"எதுக்கு? கழுத்து வெட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு ஒதவி?"

அவர் என் மேசையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து உருட்டினார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். வியாவாரத்துல சொன்னேன். இப்ப நோட்டக் குடு."

அளவு நோட்டை எந்தத் தையல்காரியும் அடுத்தவரிடம் கொடுக்க மாட்டாள். இருபத்திரண்டு வருடத்து வாடிக்கையும் அதற்குள்தான் இருக்கிறது. அரை நிமிடம் யோசித்தேன். கொடுத்தேன்.

அவர் பக்கங்களைப் புரட்டிச் சிரித்தார். "மயிலாப்பூர் பத்து ரூபா", "கோணத் தோள்", "பேசியே கொல்லும்". ஒரு பக்கத்தில் சிரிப்பு நின்றது. அங்கே "எதிர்க்கடை மாஸ்டர் வீட்டம்மா" என்று எழுதியிருந்தேன்.

"இது... எப்பலேர்ந்து?"

"நாலு வருசமா."

"எங்கிட்ட சொந்தக்காரி தச்சுக் குடுத்தான்னுல்லா சொல்லிட்டு இருந்தா!"

"நீங்க வெட்டற கழுத்து அவங்களுக்கு எறங்கிப்போவுதாம்."

அவர் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். "சரி, எப்படி வெட்டுவேன்னு காட்டு," என்றார். காட்டினேன். ஐம்பத்தாறில் நாற்பத்தைந்தை அவர் தைத்தார். கழுத்து எல்லாம் என் வெட்டு. மாதாமாதம் கூலி தந்து தீர்க்கிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்றார். வாங்காவிட்டால் அவர் வீட்டம்மாவுக்கு இனி சும்மா தைத்துக் கொடுப்பேன் என்று மிரட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஆடி மாதம் எட்டாவது மருந்தும் முடிந்தது. பிறகு கதிர்வீச்சு. ஒரு நாள் காலையில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தபோது சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தது. அடுப்படியில் நின்று டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். மிச்சம் இருந்த பதினொன்றை நான் தைத்தேன்.

எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்தேன். தம்பி ஆட்டோவில் ஏறினேன், சைதாப்பேட்டை ஸ்பீட் பிரேக்கரில் பஞ்சு எழும்பிக் கழுத்துக்கு வந்தது. கனம் இல்லை. குழந்தைக்குக் கடுகுத் தலையணை தைப்போமே, அது ஞாபகம் வந்தது. பஞ்சுக்கு நடுவே ஒரு பிடி கடுகைப் பொட்டலம் கட்டி வைத்தேன். அதன் பிறகு அது நகரவே இல்லை. கழற்றித் துவைக்கிற மாதிரி பையை மாற்றினேன். ஆஸ்பத்திரி வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். இப்போது என் விலை அட்டையில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. விலை எழுதியிருக்கிறது. "ஆரம்பம்" என்ற சொல் இல்லை.

நவராத்திரி வந்தது. மாமி போன் செய்து கொலுவுக்குக் கூப்பிட்டார். பதினெட்டு வருடத்தில் அவர் வீட்டு கேட்டுக்கு உள்ளே நான் போனதில்லை. ரவிக்கையைக் கேட்டிலேயே வாங்கிக்கொள்வார். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பட்டுப்புடவை. அந்தப் பட்டுப்புடவைகளுக்குக் கிளிப்பச்சை, மெஜந்தா, மாம்பழ மஞ்சள் ரவிக்கைகள். ஒன்றாவது புடவைக்குப் பொருந்த வேண்டுமே. சொல்லிவைத்துப் போட்டிருக்கிறார்கள். கண் கூசியது. எல்லாக் கழுத்தும் சரியாக உட்கார்ந்திருந்தது.

"இத்தினி வருசம் கேட்டாண்டயே நிக்க வெச்சீங்களே மாமி," என்றேன். மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

"உள்ளே வரேன்னு நீ சொன்னியா?"

"நீங்க கூப்ட்டீங்களா?"

மாமி சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "தப்புதான்," என்றார். பிறகு, "சுண்டல் எடுத்துக்கோ. ஆறிண்டிருக்கு."

கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். கண் கூசுகிற ஆரஞ்சு.

"அப்புறம், இடது பக்கம் அக்குள்கிட்ட பிடிக்கறது. நாளைக்கு வரேன், ஒரு தையல் பிரிச்சுக் குடு."

"பிரிக்க மாட்டேன். மொதல்ல டாக்டராண்ட போங்க."

"என்னடி உளர்றே? பண்டிகை நாளும் அதுவுமா!"

"பண்டிகை முடிஞ்ச மறுநாள் போங்க. சீட்டு காட்டினாத்தான் பிளேட எடுப்பேன்."

இப்போது என் கடையில் இதுதான் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது என்று யார் வந்தாலும் பிளேடைத் தொடுவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். மாஸ்டரும் அதையேதான் சொல்கிறார்.

பத்து நாள் கழித்து மாமி வந்தார். படிக்கட்டின் கீழே நுழையும்போதே சத்தம்.

"ஒண்ணும் இல்லையாம்! ஸ்கேன் பண்ணி, அமுக்கி, படுக்க வெச்சு, ஒருநாள் பூரா உக்கார வெச்சா. வெறும் கொழுப்பாம். சக்கரைப் பொங்கலக் கொறைக்கச் சொன்னா. ஆட்டோவுக்கு மட்டும் முந்நூறு ரூபா ஆச்சு. அத நீதான் தரணும்!"

"தர மாட்டேன்."

"தரலைன்னா இங்கேயே உக்காந்துப்பேன்."

"குந்துங்க. காப்பி சொல்றேன்."

மாமி ஸ்டூலில் உட்கார்ந்தார். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தேன். ரவிக்கையைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு டேப் வைத்து மாமியையும் அளந்தேன். வலது பக்கமும் ஏறியிருந்தது. பிளேடை எடுத்தேன். இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை, இரண்டு பக்கமும் ஒரே அளவு பிரித்தேன்.

"பத்து ரூபா," என்றேன்.

"அஞ்சு தரேன்," என்றார் மாமி.